பதினோராவது மாத்திரை

ஏரியில் சிவப்புக் கொடி ஏறிப் பதினான்கு நாள் ஆகியிருந்தது. அந்தப் பதினான்கு நாளும் பாட்டிலம்மா ஒரு வேளைகூட உட்கார்ந்து சாப்பிடவில்லை என்று அவள் கணவன் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். அதில் கொஞ்சம் மிகை உண்டு. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தாள். ஆனால் சாப்பிடவில்லை.

பாட்டிலம்மா என்று அவளுக்குப் பெயர் வைத்தவர் துறையில் படகு வாடகைக்கு விடுகிறவர். வாரத்தில் மூன்று நாள் காலையில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, பாட்டிலைத் தலைகீழாக முழங்கை ஆழத்துக்கு அமுக்கி, அங்கேயே நிமிர்த்தி நிரப்பி, மூடி, ஐஸ் பெட்டியில் வைத்துப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புவது அவள் வேலை. நூறு மில்லி தண்ணீரில் குடல் கிருமி இருநூறுக்குக் கீழே இருந்தால் பச்சைக் கொடி, யாரும் குதிக்கலாம். மேலே போனால் சிவப்பு. இந்தமுறை எண் ஐந்நூற்று நாற்பது என்று வந்தது. அதற்கு முன்பே இரண்டு குழந்தைகள் வாந்தியும் பேதியுமாக ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார்கள். பன்னிரண்டு வருட வேலையில் அவள் ஏரியால் குழந்தைகள் படுத்தது இதுதான் முதல் தடவை. அவள் அதை அப்படித்தான் சொல்வாள், 'என் ஏரி' என்று, ஏதோ சீதனமாகக் கொண்டுவந்தது போல.

ஏரிக்கென்று தனியாக ஒரு வாழ்க்கை கிடையாது. மேலே இருப்பவர்கள் கழுவுவதும் கொட்டுவதும்தான் அதன் வாழ்க்கை. நம் ஆட்களுக்கு இது மண்டையில் ஏறவே ஏறாது. தண்ணீர் அழுக்கானால் ஏரியில் ஏதோ கோளாறு என்று கரையில் நின்று மூக்கைப் பிடிப்பார்கள். தங்கள் வீட்டுக் குழாயை ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இந்த ஏரிக்குள் வந்து விழுவது ஒரே ஓடை. ஓடை மேட்டுத் தெருவின் கொல்லைப்புறமாக இறங்கி வருகிறது. மேட்டுத் தெருவில் பதினோரு வீடுகள், பதினோரு கழிவுத் தொட்டிகள். அதில் ஏதோ ஒன்று கசிகிறது. எது என்பதுதான் கேள்வி.

கேள்விக்கு ஒரு கெடுவும் இருந்தது. சனிக்கிழமை காலை எட்டு மணிக்குப் பள்ளிப் பிள்ளைகளின் நீச்சல் போட்டி. நூற்று நாற்பது பிள்ளைகள். அதில் ஒருத்தி பாட்டிலம்மாவின் மகள், பத்து வயது, தொப்பி எண் முப்பத்தேழு.

"சனிக்கிழமைக்குள்ள கொடிய மாத்திடுவல்ல?" என்று ஏரிச் சங்கத்தின் தலைவர் தினமும் போனில் கேட்டார். அவர் ஒரு காலத்தில் விளையாட்டு வாத்தியார். ஓய்வு பெற்றும் கழுத்தில் தொங்கும் விசிலைக் கழற்றாதவர்.

"தண்ணி சொல்லணும் சார். நான் சொன்னா ஆச்சா?"

"தண்ணிகிட்ட கொஞ்சம் எடுத்துச் சொல்லும்மா" என்று சிரித்துவிட்டு வைப்பார். அவளுக்குச் சிரிப்பு வராது.

கசிவைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. சாய மாத்திரை. கட்டைவிரல் நகம் அளவு இருக்கும். கழிப்பறையில் போட்டுத் தண்ணீரை இழுத்துவிட்டால் தொட்டிக்குள் போய்க் கரையும். தொட்டி நன்றாக இருந்தால் சாயம் உள்ளேயே அடங்கிவிடும். கசிந்தால் கண்ணைக் குத்துகிற பச்சையாக ஓடையில் வந்து நிற்கும். விதி ஒன்றே ஒன்றுதான்: மாத்திரையைச் சோதனை செய்கிறவரே தன் கையால் போட்டு, அது கரைந்து உள்ளே போவதை நின்று பார்க்க வேண்டும். பதிவேட்டில் ஒவ்வொரு வீட்டு எண்ணுக்கும் எதிரே 'நேரில் பார்த்தேன்' என்று ஒரு கட்டம். அதில் டிக் அடிக்க வேண்டும்.

தேறாத வீட்டுக்கு அன்றைக்கே குடிநீர் இணைப்பை அடைத்துவிடுவார்கள். தொட்டியைத் தோண்டி மாற்றி முடிக்கும்வரை வீட்டில் ஆள் இருக்கக் கூடாது. போன வருடம் அடுத்த தெருவில் ஒரு குடும்பம் இப்படி மூன்று வாரம் உறவுக்காரர் வீடுகளில் மூட்டையோடு அலைந்தது. ஆகவே செவ்வாய்க்கிழமை பாட்டிலம்மா பன்னிரண்டு மாத்திரைகள் உள்ள பெட்டியோடு மேட்டுத் தெருவில் நுழைந்தபோது, யாரும் வாங்க வாங்க என்று வாசலுக்கு ஓடி வரவில்லை.

முதல் வீட்டில் கழிப்பறைச் சாவி தொலைந்துபோயிருந்தது. நான்காவது வீட்டில் மாமனார் உள்ளே போனவர் ஒன்றே கால் மணி நேரம் வெளியே வரவில்லை. ஏழாவது வீட்டுக்காரி, "எங்க வீட்ல எல்லாரும் ரொம்ப சுத்தமானவங்கம்மா" என்றாள், ஏதோ அந்த வீட்டில் யாருமே கழிப்பறைக்குப் போவதில்லை என்பது போல. பாட்டிலம்மா கெஞ்சினாள், அதட்டினாள், காத்திருந்தாள். பத்து வீட்டிலும் தன் கையால் போட்டு, நின்று பார்த்து, டிக் அடித்தாள்.

பதினோராவது வீடு அவள் அக்காவுடையது.

அக்கா அவளைவிட ஒன்பது வயது மூத்தவள். பாட்டிலம்மாவுக்கு நீந்தக் கற்றுக்கொடுத்தவளே அக்காதான். அக்காவின் கணவர், அதாவது மாமா, எட்டு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து படுத்தவர், இன்னும் எழுந்திருக்கவில்லை. அக்காவின் கொல்லையில் எப்போது பார்த்தாலும் நான்கு படுக்கை விரிப்புகள் காய்ந்துகொண்டிருக்கும். இன்னும் நான்கு வாளியில் ஊறிக்கொண்டிருக்கும்.

"வந்துட்டியா? நின்னுகிட்டே இருக்காத. உக்காரு" என்றாள் அக்கா.

"உக்கார நேரமில்லக்கா. பரிசோதனைக் கூடம் நாலு மணிக்கு மூடிடுவான், பாட்டில இன்னும் கொண்டுபோகல." சன்னல் வழியாகக் கொல்லையைப் பார்த்தவள், "உன் கொல்லைல மட்டும் எப்படிக்கா புல்லு இவ்ளோ பச்சையா இருக்கு? எங்க வீட்ல கருகிப்போய்க் கிடக்கு" என்றாள்.

அக்கா மருந்துக் குப்பியின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். திருகி முடித்த பிறகும் திருகினாள். "துணி துவைக்கிற தண்ணிதான்" என்றாள்.

மாமா உள்ளிருந்து முனகினார். அக்கா ஓடினாள். பாட்டிலம்மா கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று நாற்பது. கழிப்பறைக்குப் போகவேண்டுமென்றால் மாமாவின் கட்டிலைத் தாண்டித்தான் போகவேண்டும், அங்கே இப்போது விரிப்பு மாற்றும் நேரம். அவள் ஒரு மாத்திரையை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"அக்கா, இத நீயே போட்டு ரெண்டு தடவ தண்ணி இழுத்துடு. மறந்துடாத."

"போடறேன், நீ போ" என்று உள்ளிருந்தே குரல் வந்தது.

வாசலில் நின்றபடியே பதினோராவது கட்டத்திலும் டிக் அடித்துவிட்டு அவள் கீழே ஓடினாள். ஊரில் யார் வீட்டிலும் செய்யாத காரியம். கூடப் பிறந்தவள் என்கிற ஒரே காரணத்துக்காகச் செய்தாள். அதுவும் ஒரு காரணமென்று அப்போது அவளுக்குத் தோன்றவே இல்லை.

செவ்வாய்க்கிழமை இருட்டும்வரை ஓடைக்கரையில் மணிக்கொரு தடவை நடந்தாள். பச்சை இல்லை. புதன் முழுக்க நடந்தாள். இல்லை. பதினோரு தொட்டியும் சுத்தம் என்றால் கிருமி எங்கிருந்து வருகிறது? வாத்துகள் மேல் சந்தேகம் வந்தது. வாத்துக்குச் சோளப்பொரி வீசியவர்களையெல்லாம் கரையிலிருந்து விரட்டினாள். நாயை உலாத்திக் கூட்டிவந்த ஒரு பெரிய மனிதரிடம் நாய் அசிங்கம் செய்த இடத்தைக் காட்டி, அவர் கையாலேயே அள்ள வைத்தாள். ஏரிக்கரை விடுதியின் புல்வெளியில் உரம் தூவிக்கொண்டிருந்தவனிடம் மூட்டையைப் பிடுங்கி, அவன் முதலாளி வரும்வரை அதன்மேலேயே நின்றாள்.

"உனக்குக் கால்ல சக்கரமா? கொஞ்சம் நில்லு" என்றான் கணவன். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன், நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பவன். "எண்ணுதான் இறங்குதே?"

எண் இறங்கத்தான் செய்தது. மழையில்லாத வாரம். புதன்கிழமை நூற்றுத் தொண்ணூறு. வியாழக்கிழமை நூற்று எழுபது. அடுத்தடுத்து இரண்டு தடவை இருநூறுக்குக் கீழே வந்தால் திறக்கலாம் என்பது சட்டம். சட்டப்படி எல்லாம் சரி. ஆனால் ஏன் இறங்கியது என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரியாமல் இறங்கியது தெரியாமலே ஏறும் என்பது பன்னிரண்டு வருட அனுபவம். வெள்ளிக்கிழமை நண்பகலில், தலைவர் விசிலை விரலால் சுழற்றிக்கொண்டு பக்கத்தில் நிற்க, அவள் கையெழுத்துப் போட்டாள். பச்சைக் கொடி ஏறியது. படகுக்காரர் கைதட்டினார்.

மூன்று மணிக்கு மழை பிடித்துக்கொண்டது.

அது சும்மா தூறிவிட்டுப் போகிற மழை இல்லை. இரண்டரை மணி நேரம் மேட்டையே கழுவி இறக்கியது. பாட்டிலம்மா சமையலறைக்கும் வாசலுக்குமாக நடந்தாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. மகளைக் காணவில்லை என்று தேடினால், புதுத் தொப்பியைப் பெரியம்மாவிடம் காட்டக் குடை பிடித்துக்கொண்டு மேட்டுத் தெருவுக்குப் போயிருந்தாள். இருட்டுமுன் திரும்பி வந்து, "பெரியம்மா தொப்பிய ரொம்ப நேரம் கையிலேயே வச்சிருந்தாங்க" என்று மட்டும் சொன்னாள்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் பாட்டிலம்மா ஓடைக்குப் போனாள். போகவேண்டிய வேலை எதுவும் இல்லை. வீட்டில் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். மழைக்குப் பிறகு ஓடை தடித்து, பழுப்பாக, குச்சியும் இலையுமாக ஓடியது. மேட்டுத் தெருவின் வளைவு வரை பழுப்புதான். வளைவைத் தாண்டியதும் அவள் கால் நின்றுவிட்டது.

தண்ணீருக்குள் ஒரு பச்சை நாடா. எந்த இலையிலும் எந்தப் பாசியிலும் இல்லாத பச்சை. அது பழுப்போடு கலக்காமல் கரையை ஒட்டி, வளைந்து வளைந்து, ஏரியைப் பார்த்து நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது.

தோள்பையிலிருந்து மாத்திரைப் பெட்டியை எடுத்துத் திறந்தாள். பன்னிரண்டில் ஒன்று மிச்சம், அது இருந்தது. பத்து மாத்திரைகளை அவளே போட்டாள், அவை கரைந்ததைப் பார்த்தாள், அவை வெளியே வரவில்லை. கணக்கில் பாக்கி இருந்தது ஒன்றே ஒன்று. மேசைமேல் அவள் வைத்துவிட்டு வந்தது.

மேலே போவதா கீழே போவதா என்று ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. கீழே ஓடினாள்.

ஏரிக்கரையில் மணி ஏழே முக்கால். நூற்று நாற்பது தொப்பிகள் வரிசையில் நின்றன. பெற்றோர்கள் துண்டும் தண்ணீர்ப் புட்டியுமாக அடைத்துக்கொண்டிருந்தார்கள். தலைவர் விசிலை வாயில் வைத்திருந்தார். பாட்டிலம்மா முழங்கால்வரை சேறோடு கொடிக்கம்பத்துக்குப் போய்க் கயிற்றை அவிழ்த்தாள். பச்சை இறங்கியது. சிவப்பு ஏறும்போது முடிச்சு சிக்கிக்கொண்டது. பல்லால் கடித்து இழுத்தாள்.

"என்னம்மா பண்ற நீ? நேத்துதான கையெழுத்துப் போட்ட?" தலைவர் விசிலைத் துப்பிவிட்டுக் கத்தினார்.

"நேத்து போட்டது தப்பு சார். மேல ஒரு தொட்டி கசியுது. சாயம் வந்துகிட்டிருக்கு. யாரும் தண்ணில இறங்கக் கூடாது."

"செவ்வாய்க்கிழமை பதினோரு வீடும் சுத்தம்னு எழுதிக் கொடுத்தியே!"

"அதுவும் தப்பு."

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். விடிகாலையில் ஆறு மணிக்குப் பிள்ளையைக் கிளப்பிய தாய் என்னென்ன சொல்வாள் என்று இங்கே எழுதவேண்டியதில்லை. "வேலை பாக்கத் தெரியலேன்னா வீட்ல இருக்கணும்" என்றது ஒரு குரல். பாட்டிலம்மா எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வரிசையில் முப்பத்தேழைத் தேடினாள். மகள் நீச்சல் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. மற்ற பிள்ளைகள் தன்னைப் பார்க்கிறார்கள் என்பது தெரிந்து, நிமிர்ந்து நின்றாள். அந்த நிமிர்வுதான் பாட்டிலம்மாவின் நெஞ்சை அறுத்தது.

தண்ணீரில் அப்போது பச்சை வந்து சேர்ந்தது. ஓடை வாயிலிருந்து ஒரு விரல் போல நீண்டு, பிள்ளைகள் குதிக்கவேண்டிய மேடைக்கு அடியில் மெல்லப் பரவியது. துண்டுகளை எடுத்துப் பிள்ளைகளைப் போர்த்திக்கொண்டு ஒவ்வொருவராகப் பின்வாங்கினார்கள்.

"திங்கட்கிழமை பதிவேட்டோட ஆபீசுக்கு வந்துடு" என்றார் தலைவர், குரல் தணிந்து.

அக்கா கொல்லைப்படியில் உட்கார்ந்திருந்தாள். கால் இரண்டும் சேறு. அவளுக்கு முன்னால் அந்தப் பச்சைப் புல், மழைக்குப் பிறகு நீர் கோத்து, மிதித்தால் சளக் சளக்கென்றது. தங்கையைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"இறங்கிட்டாங்களா?" என்று கேட்டாள். "பிள்ளைங்க. தண்ணில இறங்கிட்டாங்களா?"

"இல்ல."

அக்கா முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. பாட்டிலம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். பதினெட்டு நாளில் அவள் உருப்படியாக உட்கார்ந்தது இதுதான்.

"எப்போலேர்ந்து தெரியும்?"

"மாமா படுத்து ரெண்டு மாசத்துல தெரிஞ்சுபோச்சு. ஒரு நாளைக்கு எத்தனை வாளி ஊத்தறேன், அந்தத் தொட்டி எப்படித் தாங்கும்? நீ வந்து மாத்திரைய வச்சுட்டுப் போன. அத நூல் டப்பாக்குள்ள போட்டு மூடிட்டேன். தண்ணிய அடைச்சுட்டாங்கன்னா இவர எங்கடி தூக்கிட்டுப் போவேன்? ஒரு பக்கமா புரட்டறதுக்கே ரெண்டு ஆளு வேணும்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ எழுதணும். எழுதலேன்னா உன் வேலை போகும். எப்படிச் சொல்வேன்?"

சொல்லியிருந்தால் தான் என்ன செய்திருப்போம் என்பது பாட்டிலம்மாவுக்கே உறுதியாகத் தெரியவில்லை. தெரியவில்லை என்பதே அவளுக்குப் பயமாக இருந்தது.

"நேத்து உன் பொண்ணு வந்தா" என்றாள் அக்கா. "தொப்பியப் போட்டுக் காட்டினா. 'பெரியம்மா, நான் குதிச்சதும் எப்பவும் ரெண்டு வாய் தண்ணி குடிச்சிடுவேன், அப்புறம்தான் மூச்சு பழகும்'னு சொல்லிச் சிரிக்கிறா. வெளில மழை கொட்டுது. எனக்கு இந்தப் புல்லுதான் கண்ணுக்குத் தெரியுது." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "போன் பண்ணி உங்கிட்ட சொல்லத்தான் எடுத்தேன். மூணு தடவ எடுத்தேன். வாய் வரல. மாத்திரைதான் இருந்துச்சு. இன்னைக்கு விடிகாலை அஞ்சு மணிக்குப் போட்டேன்."

"ரெண்டு தடவ தண்ணி இழுத்தியா?"

"இழுத்தேன். அப்புறம் ஓடைக்குப் போய் நின்னேன். இருபது நிமிஷத்துல வந்துச்சு. நல்லா வருதான்னு ஆறு மணி வரைக்கும் நின்னு பாத்தேன்." அக்கா முதல்தடவையாகத் தங்கையின் முகத்தைப் பார்த்தாள். "உன்னை மாதிரி வச்சுட்டு ஓடல."

சொன்னதில் கோபம் இல்லை. ஆனாலும் பாட்டிலம்மாவுக்கு அறை விழுந்தது போலிருந்தது, அதை வாங்கிக்கொள்ளவும் செய்தாள். போனை எடுத்துக் கணவனைக் கூப்பிட்டாள்.

"என்னங்க, பஸ்ஸ அக்கா வீட்டுக்குக் கொண்டாங்க. கடைசி சீட்டக் கழட்டிட்டு வாங்க. மாமாவ நம்ம கூடத்துக்கு மாத்தணும். ஆமா, இன்னைக்கே... போட்டி இல்ல, அத அப்புறம் சொல்றேன். அப்படியே நம்ம பொண்ணையும் ஏத்திட்டு வாங்க."

"உன் வீட்ல எங்கடி இடம்?" என்றாள் அக்கா.

"டிவிய எடுத்துட்டா இடம். எட்டு மாசம் முன்னாடியே எடுத்திருக்கணும்."

பையிலிருந்து பதிவேட்டை எடுத்து மடியில் விரித்தாள். பதினோராவது வீடு. செவ்வாய்க்கிழமை. 'நேரில் பார்த்தேன்' என்ற கட்டத்தில் அவள் அடித்த டிக். ஓடுகிற அவசரத்தில் அடித்ததால் வால் நீண்டு பக்கத்துக் கட்டத்துக்குள் போயிருந்தது. அதன் குறுக்கே கோடு போட்டு, 'பார்க்கவில்லை. பொய்யாக எழுதினேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.

"ஐயோ, அத ஏன் எழுதற? என் வீட்ட எழுது, போதும்" என்று அக்கா அவள் கையைப் பிடித்தாள். "மாத்திரையப் போடறேன்னு உங்கிட்ட பொய் சொன்னது நான்தானே?"

"நீ எங்கிட்ட சொன்ன. நான் ஊருக்கே சொன்னேன்."

அதற்குக் கீழே புதிய வரி. சனிக்கிழமை. காலை ஐந்து மணி. வீட்டு எண் பதினொன்று. சாயம் ஓடையில் தெரிந்தது. தேறவில்லை. எழுதிக்கொண்டே வந்தவள் கடைசிக் கட்டத்தில் நின்றாள். பேனாவை அக்காவிடம் நீட்டினாள்.

"எனக்கு எதுக்கு?"

"இங்க நான் போட முடியாதுக்கா. நின்னு பாத்தது நீ."

அக்கா பேனாவை வாங்கினாள். சேற்றுக் கையைப் புடவையில் இரண்டு பக்கமும் துடைத்துக்கொண்டாள். 'நேரில் பார்த்தேன்' என்பதை ஒருமுறை உதடு அசைய வாசித்தாள். பிறகு கட்டத்துக்குள் அடங்கும்படி, மெதுவாக, தன் முழுப்பெயரையும் எழுதினாள்.